வளர்ப்பு மீனின் கண் வீங்கினால்: புதிதாகத் தொட்டி வைத்தவர்களுக்கு

மலம்புழா அணைப் பூங்காவுக்குப் பக்கத்தில், மீன் உருவத்திலேயே கட்டப்பட்ட மீன் காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் மறுநாளே கண்ணாடித் தொட்டி கேட்டு அடம் பிடிப்பதும், பெற்றோர் பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ போய் ஒரு தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வருவதும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வழக்கமாக நடப்பவை. இரண்டு மாதம் சென்றதும் அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "மாமா, மீனுக்கு ஒரு கண்ணு வெளியே தள்ளிட்டு நிக்குதுங்க" என்று கலங்கிய முகத்தோடு சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

மீன் கடைகளில் 'பாப் ஐ' என்று சொல்லப்படும் இந்தக் கண் வீக்கம் தனியான ஒரு நோய் அன்று. மனிதருக்குக் காய்ச்சல் எப்படியோ அப்படித்தான் மீனுக்கு இது. பல காரணங்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். கண்ணுக்குப் பின்னால் உள்ள குழியில் நீரோ, சீழோ, இரத்தமோ, வாயுவோ சேரும்போது, அது கண்விழியை வெளியே தள்ளுகிறது. உள்ளே சேர்ந்தது எது, ஏன் சேர்ந்தது என்பதை ஓரளவாவது கண்டறியாமல் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை ஊற்றினால், மீனுக்கு ஏற்கெனவே உள்ள துன்பத்தோடு மருந்தின் துன்பமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மருந்துப் புட்டியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. பெரும்பாலான மீன்கள் அந்த வேலைகளாலேயே பிழைத்துக்கொள்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியவை

தொட்டிக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வீக்கத்தின் அளவு சரியாகத் தெரியாது. மேலிருந்து நேராகக் கீழே பாருங்கள். இரண்டு கண்களும் தலையின் இருபுறமும் ஒரே அளவு நீண்டிருக்கின்றனவா, ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்பது அந்தக் கோணத்தில் தெளிவாகப் புலப்படும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்து, நாள்தோறும் அதே நேரத்தில் அதே கோணத்தில் எடுத்துவந்தால், வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பதில் பின்னர் ஐயம் எழாது. நம் நினைவை மட்டும் நம்பினால், கவலை மிகுந்த நாளில் வீக்கம் பெரிதாகவும் மற்ற நாளில் சிறிதாகவும் தோன்றும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'பிளாக் மூர்' எனப்படும் கறுப்புத் தங்கமீனுக்கு இயல்பாகவே கண்கள் குழல் போல நீண்டிருக்கும். 'பபிள் ஐ' என்னும் வகைக்குக் கண்ணுக்குக் கீழே நீர் நிறைந்த பைகள் தொங்கும். இவை மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களின் உடலமைப்பு. இவற்றுக்கு வைத்தியம் தேவையில்லை. அந்த இனங்களில் ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்தாலோ, வெண்படலம் படர்ந்தாலோ, இரத்தம் கட்டினாலோ மட்டும் கவலைப்பட வேண்டும்.

ஒரு மீனுக்கு ஒரு கண் மட்டும் வீங்கி, அது நன்றாக நீந்திக்கொண்டும் தீனி எடுத்துக்கொண்டும் இருந்தால், பெரும்பாலும் அடிபட்டதே காரணம். வலையில் பிடித்தபோது உரசியிருக்கலாம். கூரான பிளாஸ்டிக் செடியிலோ உடைந்த கல்லிலோ மோதியிருக்கலாம். ஏஞ்சல், கௌராமி போன்ற மீன்கள் சண்டையில் கொத்தியிருக்கலாம். ஒரே மீனுக்கு இரண்டு கண்களும் வீங்கினால், உடலுக்குள் கிருமித் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ இருக்க வாய்ப்பு அதிகம். சில நாள் இடைவெளிக்குள் இரண்டு மூன்று மீன்களுக்கு வீக்கம் வந்தால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர்தான் என்பதை நினைவில் கொண்டு, முதல் ஐயத்தை அதன்மீதே வையுங்கள். இந்தப் பாகுபாடு முற்றிலும் பிசகாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கண்ணைப் பார்த்த கையோடு உடலையும் பாருங்கள். செதில்கள் படுத்த நிலையில் இருக்கின்றனவா, அல்லது சீத்தாப்பழத் தோல் போல ஒவ்வொன்றும் தனித்தனியே எழும்பி நிற்கின்றனவா? வயிறு ஊதியிருக்கிறதா? செவுள் வேகமாக அடிக்கிறதா? மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? விழிக்குள்ளோ துடுப்புச் சவ்விலோ ஊசிமுனை அளவான குமிழிகள் தெரிகின்றனவா? கடைசிக் கேள்வியை எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தண்ணீர்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அனுபவத்தில் கண் வீங்கிய மீன்களில் பெரும்பாலானவற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டவர்களுக்கு முதல் மாதத்திலேயே தொல்லைகள் வருவது இதனால்தான். அம்மோனியா செவுளையும் தோலையும் அரிக்கிறது. மீனின் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. தண்ணீரில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டு உடலுக்குள் புகுகின்றன. கண்ணில் தெரியும் வீக்கம் இந்தத் தொடரின் கடைசிக் கண்ணி.

மீன் கடையில் கிடைக்கும் சொட்டுப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம். (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) அளவைத் தாண்டக் கூடாது. 20-க்குள் இருந்தால் நல்லது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பார்க்க வேண்டும், ஏனென்றால் அம்மோனியாவின் நஞ்சு அதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. 28 பாகை வெப்பமுள்ள நீரில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் அது நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் போய்விடும். சித்தூர் வட்டத்தின் கிழக்கே எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சோப்பு எளிதில் நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். இத்தகைய நீர் பெரும்பாலும் காரப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதால், மேற்கே மென்மையான நீர் உள்ள ஊரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அழுக்கை இங்கே அதனால் தாங்க முடியாது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. பூமிக்குள் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் அழுத்தத்தின் கீழ் இருக்கும் நீரில் நைட்ரஜன் போன்ற வாயுக்கள் அளவுக்கு மேல் கரைந்திருக்கும். உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். உறிஞ்சு குழாயில் எங்காவது காற்றுக் கசிவு இருந்தால், மோட்டாரே காற்றை நீருக்குள் அழுத்திக் கரைத்துவிடும். அந்த நீரைக் குழாயிலிருந்து நேரடியாகத் தொட்டியில் விட்டால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழி கிளம்புவது போல மீனின் இரத்தத்திலும் திசுக்களிலும் வாயுக் குமிழிகள் உண்டாகும். கண்ணுக்குப் பின்னாலும் விழிக்குள்ளும் அவை தேங்கிக் கண்ணை வெளியே தள்ளும். இது கிருமியால் வருவது அன்று என்பதால் எந்த மருந்தும் இதைத் தீர்க்காது.

இதை அறிய எளிய வழி இருக்கிறது. மோட்டார் ஓடும்போது குழாய் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, அசைக்காமல் கால் மணி நேரம் வையுங்கள். டம்ளரின் உட்சுவர் முழுவதும் நுண்குமிழிகள் அப்பிக்கொண்டால், அந்த நீரில் வாயு மிகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். தண்ணீர் மாற்றியதும் மீனின் துடுப்பிலும் செடி இலையிலும் தொட்டிச் சுவரிலும் அதே போலக் குமிழிகள் படிந்தால் ஐயமே வேண்டாம். தீர்வும் எளிது: ஒரு டிரம்மில் நீரைப் பிடித்து, ஏர் பம்ப்பின் காற்றுக் கல்லை அதில் போட்டு 24 மணி நேரம் நன்றாகக் கொப்பளிக்க விடுங்கள். மிகுந்த வாயு வெளியேறும்; குறைந்திருந்த உயிர்வளி கூடும். பஞ்சாயத்துக் குழாய் நீர் பயன்படுத்துவோருக்கும் இதே டிரம் உதவும், ஏனென்றால் அந்த நீரில் கலந்துள்ள குளோரினும் இந்த ஒரு நாளில் பெரும்பாலும் போய்விடும். காத்திருக்க நேரமில்லாதபோது கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கப்படும் சொட்டு நீரைப் புட்டியில் குறித்த அளவில் சேர்க்கலாம். அது குளோரினை முறிக்குமே தவிர வாயு மிகுதியைக் குறைக்காது.

கண் வீக்கத்தைக் கண்ட அன்றே தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். ஒரேயடியாக முழு நீரையும் இறைத்துவிட்டுப் புது நீர் நிரப்புவது பெருந்தவறு. பிஎச் அளவும் வெப்பமும் திடீரென மாறுவதால் நோயுற்ற மீன் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும். புது நீருக்கும் பழைய நீருக்கும் வெப்ப வேறுபாடு 2 பாகைக்கு மேல் இருக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் நீர் கையைச் சுடும் என்பது பாலக்காட்டு வெயிலில் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் பிடித்துவைத்த நீரையே பயன்படுத்துங்கள். அடியில் உள்ள கழிவைக் குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும்போது வாயால் உறிஞ்சாதீர்கள். குழாய் முழுவதையும் நீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே இறக்கினாலே நீர் ஓடத் தொடங்கும்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் மிஞ்சும்.

தனித்தொட்டி: யாருக்கு, எப்படி

ஒரு மீனுக்கு மட்டும் வீக்கம் என்றால் அதைத் தனியே மாற்றுவது நல்லது. மற்ற மீன்கள் துருத்திய கண்ணைக் கொத்தும். பார்வை மங்கிய மீனால் போட்டியிட்டுத் தீனி எடுக்க முடியாது. பல மீன்களுக்கு வீக்கம் என்றால் பிரிக்கத் தேவையில்லை, பெரிய தொட்டியின் நீரைத்தான் சீர்செய்ய வேண்டும்.

தனித்தொட்டிக்குப் பெரிய செலவு இல்லை. 20 லிட்டர் கொள்ளும் வெளிர்நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒளிந்துகொள்ள ஒரு சாண் நீளமுள்ள, விளிம்பு தேய்த்த பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று, மேலே மூட ஒரு வலை ஆகியவை போதும். அடியில் கல்லும் மணலும் வேண்டாம். கழிவு கண்ணுக்குத் தெரிந்தால்தான் எடுக்க முடியும். பெரிய தொட்டியின் நீரையே பாதியளவுக்கு ஊற்றி, மீதியைக் காற்றேற்றிய புது நீரால் நிரப்புங்கள். பெரிய தொட்டியின் வடிகட்டியில் இருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து இங்கே போட்டால் அம்மோனியா கட்டுக்குள் இருக்கும். அப்படி முடியாதவர்கள் நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றும் நேராகப் படாத மூலையில் தொட்டியை வையுங்கள். எங்கள் ஊரில் மார்கழிக் காற்று ஓர் இரவில் சிறு தொட்டியின் நீரைக் குளிர்த்திவிடும். கப்பி, மாலி, ஃபைட்டர் போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 26 முதல் 28 பாகை நிலையாக இருக்குமாறு ஹீட்டர் வைப்பது அப்போது தேவைப்படும். தங்கமீன்கள் அதைவிடக் குளிர்ந்த நீரையும் ஏற்கும்.

மீனை மாற்றும்போது வலையைத் தவிருங்கள். வீங்கிய கண் வலையின் நூலில் சிக்கினால் மேலும் கிழியும். அகன்ற வாயுள்ள டப்பாவை நீருக்குள் சாய்த்து, மீனை மெல்ல அதற்குள் ஓட்டி, நீரோடு சேர்த்துத் தூக்குங்கள்.

பேதி உப்பு

வீக்கத்தைத் தணிக்கப் பெரும்பாலான மீன் வளர்ப்போர் நம்புவது எப்சம் உப்பு. வேதியியலில் இது மெக்னீசியம் சல்ஃபேட். நம் பாட்டிமார் பேதி உப்பு என்று அறிந்தது இதைத்தான். திசுக்களில் தேங்கிய நீர் வெளியேற இது துணைசெய்கிறது. கிருமியைக் கொல்லாது. சமையல் உப்பு சோடியம் குளோரைடு என்பதால் அது இதற்கு மாற்று ஆகாது. இந்துப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதும் பாறையில் வெட்டிய சோடியம் குளோரைடுதான். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் எல்லையின் இருபுறமும் பலர் இந்துப்பை வாங்கிவந்து போட்டுவிட்டு வீக்கம் குறையவில்லை என்று வருந்துவதைக் கண்டிருக்கிறேன். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில் மெக்னீசியம் சல்ஃபேட் மூட்டையாகவே இருக்கும். ஓலை மஞ்சளடிப்பதற்கு உரமாக இடுவது. அதை மீன் தொட்டியில் போட வேண்டாம், உரத் தரத்தில் வேறு உப்புகளும் கலந்திருக்கக்கூடும். மருந்துக் கடையில் மணமும் நிறமும் சேர்க்காத எப்சம் உப்பு சிறு பொட்டலமாகக் கிடைக்கிறது.

அளவு இதுதான்: 20 லிட்டர் நீருக்கு, விளிம்பு மட்டத்துக்கு வழித்த ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம். அதை ஒரு குவளை தொட்டி நீரில் முழுவதும் கரைத்து, பாதியை இப்போதும் மீதியை நான்கைந்து மணி நேரம் கழித்தும் மீனுக்கு நேராகப் படாமல் ஓரமாக ஊற்றுங்கள். மூன்று நாள் கழிந்தும் மாற்றம் இல்லை, மீன் சோர்வடையவும் இல்லை என்றால் இன்னொரு தேக்கரண்டி சேர்க்கலாம். 20 லிட்டருக்கு மூன்று தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். 5 லிட்டர் நீரை மாற்றினால், வெளியே போன உப்பை ஈடுசெய்ய, 20 லிட்டருக்கு இட்ட மொத்த அளவில் கால் பங்கைப் புது நீரோடு சேர்க்க வேண்டும். நீர் ஆவியாகிக் குறைந்ததை நிரப்பும்போது உப்புச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. புதியவர்கள் பிழை செய்வது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். ஒரு தாளில் தேதியும் அளவும் எழுதித் தொட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

அடிபட்ட கண்ணில் தோல் கிழிந்து புண் தெரிந்தால், கல் உப்பை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து விடுவது தொற்றைத் தடுக்க உதவும். அப்போது எப்சம் உப்பை நிறுத்திவையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது ஒவ்வவில்லை என்று அறிய முடியாமல் போய்விடும். செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் செடிகளும் கல் உப்பை அதிகம் தாங்கமாட்டா. அவை உள்ள தொட்டியில் அதைப் போடாதீர்கள்.

தீனி

முதல் ஒன்றிரண்டு நாள் தீனியே வேண்டாம். வளர்ந்த மீனுக்கு அதனால் கேடில்லை. நீர் தூய்மையாக இருக்கும். பிறகு சிறிது சிறிதாக, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு கொடுத்து, மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். தங்கமீனுக்கு வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியை மசித்துத் தரலாம். சாக்கடை ஓரங்களில் பிடித்து விற்கப்படும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு நோயாளி மீனுக்கு வேண்டவே வேண்டாம்.

நீண்ட காலம் திறந்தே கிடக்கும் தீனியில் உயிர்ச்சத்துகள் அழிந்துவிடும், உயிர்ச்சத்து ஏ, ஈ ஆகியவற்றின் குறைபாடும் கண் கோளாறுக்கு ஒரு காரணம். கடையில் பெரிய பையிலிருந்து அள்ளிக் கட்டித் தரும் தீனி எப்போது திறக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது. சிறிய மூடிய பொட்டலமாக வாங்கி மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மருந்து

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரிய தங்கமீன் ஒன்றுக்கு இரண்டு கண்களும் வீங்கின. ஒரு கடைக்காரர் சொன்னபடி டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினேன். அதற்கு முன்பே எப்சம் உப்பும் போட்டிருந்தேன். நீர் பழுப்பேறியது, நுரை கட்டியது, ஐந்தாம் நாள் மீன் இறந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றோடு பிணைந்து வீரியம் இழந்துவிடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். எங்கள் கடின நீரில் கால்சியம் ஏற்கெனவே மிகுதி. அதில் மெக்னீசியத்தை நானே மேலும் சேர்த்திருந்தேன். மருந்து மீனைச் சென்று சேர்ந்திருக்கவே வாய்ப்பில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காததால் அந்த மீன் போயிற்று என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆன்டிபயாடிக்கை நீங்களாகத் தொடங்காதீர்கள். கேரளத்தில் 2024 தொடக்கத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் சோதனைகளைத் தொடங்கியதிலிருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடைகளில் அதைத் தருவதில்லை. மீனுக்குத்தானே என்று சொல்லி எல்லை தாண்டிப் போய் வாங்கிவருவதும் சரியான செயல் அன்று, ஏனென்றால் அரைகுறை அளவில் தொட்டியில் கலந்த மருந்துக்குப் பழகிய கிருமி நாளை மனிதரையும் தாக்கலாம். மருந்து தேவைப்படும் நிலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை: இரண்டு கண்களும் வீங்கி, நீர் சரியாக இருந்தும் நான்கைந்து நாளில் நிலை மோசமாகி, மீன் தீனியை விட்டுவிட்டால் உள் தொற்று என்று கருதிக் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். நாள்தோறும் எடுத்த படங்களையும், நீர்ப் பரிசோதனை எண்களையும், தொட்டியின் கொள்ளளவையும், இதுவரை போட்டவற்றின் பட்டியலையும் கொண்டுபோனால் அவர் முடிவெடுக்க எளிதாக இருக்கும். திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. மீன் இன்னும் தின்கிற நிலையில் இருந்தால், மருந்தைத் தீனியில் கலந்து தருவது நீரில் கரைப்பதைவிட உடலுக்குள் நன்றாகச் சேரும். அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மெத்திலீன் நீலம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பூஞ்சைக்கும் முட்டைகளைக் காப்பதற்கும் அது பயன்படும். கண்ணுக்குப் பின்னால் தேங்கிய நீரை அது ஒன்றும் செய்யாது, வடிகட்டியின் பாக்டீரியாக்களைக் கெடுக்கவும் செய்யும். மஞ்சள்தூளும் வேப்பிலைச் சாறும் மனிதப் புண்ணுக்கு நல்லவை என்பதற்காகத் தொட்டியில் கலக்காதீர்கள். அவை நீரில் அழுகி அம்மோனியாவைக் கூட்டும். நாட்டு வாதுமையின், அதாவது மலையாளத்தில் தல்லித்தேங்கா எனப்படும் மரத்தின், தானாக உதிர்ந்து காய்ந்த இலையை மட்டும் நான் பயன்படுத்துகிறேன். நன்றாகக் கழுவிய ஒரு சிறிய இலையை 20 லிட்டர் நீரில் இட்டால், அதன் துவர்ப்புச் சத்து கிருமிகளைச் சற்று அடக்கும். நீர் தேநீர் நிறம் கொள்ளும். ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் இது நன்கு ஒத்துக்கொள்கிறது. இது துணை மட்டுமே, இதை நம்பி நீர் மாற்றுவதை விட்டுவிடக் கூடாது.

வீங்கிய கண்ணை ஊசியால் குத்தி நீரெடுப்பதையோ விரலால் அழுத்துவதையோ ஒருபோதும் செய்யாதீர்கள்.

உங்கள் கையையும் காத்துக்கொள்ளுங்கள். கண் வீக்கத்தோடு மீன் நாளுக்கு நாள் மெலிந்து, முதுகு வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் இறந்துவந்தால், அது மீன் காசநோயாக இருக்கலாம். அதை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி, கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதருக்கும் தொற்றி, ஆறாத கட்டிகளை ஏற்படுத்தும். காயம் உள்ளபோது கையுறை அணியுங்கள். தொட்டி வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குங்கள். ஆறாத கட்டி வந்தால் மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்

கோளாறு நீரில் மட்டும் இருந்தால், நீர் சீரானதும் சில நாள்களிலேயே மீன் சுறுசுறுப்படையும். வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். அடிபட்ட கண் சில வேளை ஒன்றிரண்டு மாதமும் எடுத்துக்கொள்ளும். தினமும் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு மாற்றமே இல்லாததுபோல் தோன்றும். முதல் நாள் படத்தையும் பத்தாம் நாள் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பொறுமையிழந்து மூன்றாம் நாளே மருந்தை மாற்றுவதுதான் பல மீன்களைக் கொல்கிறது.

வீக்கம் வடிந்த பிறகு எப்சம் உப்பை ஒரே நாளில் எடுத்துவிடாமல், உப்பில்லாத நீரால் கால் கால் பங்காக மாற்றி ஒரு வாரத்தில் குறையுங்கள். பெரிய தொட்டியில் கண் வீக்கத்துக்குக் காரணமாக இருந்தது நீங்கியதா என்று உறுதிசெய்த பின்னரே மீனைத் திருப்பி விடுங்கள்: கூரான அலங்காரப் பொருள்களை விரலால் தடவிப் பார்த்து அகற்றுங்கள், கொத்தும் மீனைப் பிரித்து வையுங்கள், நீரை மறுபடியும் சோதியுங்கள். எப்சம் உப்பு கலந்த பழைய நீரைத் தென்னை மரத்துக்கு ஊற்றலாம். மருந்து கலந்த நீரையும், உயிருள்ள வளர்ப்பு மீன்களையும் ஆழியாறு வாய்க்காலிலோ சித்தூர்ப் புழையிலோ விடாதீர்கள். அங்கே வாழும் நாட்டு மீன்களுக்கு நம் தொட்டியின் நோயும் போட்டியும் வேண்டாம்.

செதில் எழும்பி, வயிறு ஊதி, இரண்டு கண்களும் துருத்தி, மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்து மூச்சுக்குத் தவிக்கும் நிலை வந்துவிட்டால், பிழைப்பது அரிது. அப்போது அதன் வேதனையை நீட்டிக்காமல் விடை கொடுப்பதும் வளர்ப்பவரின் கடமையே. கிராம்புத் தைலத்தை லிட்டருக்கு ஏறத்தாழ 10 சொட்டு என்ற அளவில், சிறு புட்டியில் வெதுவெதுப்பான நீரோடு நன்றாகக் குலுக்கிப் பால்போல ஆக்கி, மீன் இருக்கும் தனி ஏனத்தில் சிறிது சிறிதாக ஊற்றினால், அது முதலில் உறங்கி, பிறகு வலியின்றி அடங்கும். செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் அந்த நீரிலேயே விட்டுவைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டே இதைச் செய்யுங்கள்.

வீக்கம் வடிந்தும் பார்வை போய்விடுவது உண்டு. சில மீன்களுக்குக் கண்ணே சுருங்கி மறைந்து, அந்த இடத்தில் தோல் மூடிக்கொள்ளும். அதற்காக மனம் உடைய வேண்டாம். ஒற்றைக் கண் மீன் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழும். அதற்கு எப்போதும் தொட்டியின் ஒரே மூலையில், பார்வை உள்ள பக்கமாகத் தீனி போடுங்கள். குருட்டுப் பக்கத்தில் கையையோ வலையையோ திடீரென நீட்டாதீர்கள். தொட்டியில் உள்ள கல்லையும் குழாயையும் அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், ஏனென்றால் அவை இருக்கும் இடத்தை அது நினைவில் வைத்துத்தான் நீந்துகிறது.